நகராட்சி விலங்குக் காப்பகத்தை யார் நடத்துவது? நான்கு வழிகளும் அவற்றில் ஒளிந்திருக்கும் செலவுகளும்

காப்பகத்தைப் பற்றி மோசமான செய்தி ஒன்று வெளிவந்தால் அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் என்ன பேசுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நகராட்சி நடத்தும் காப்பகமாக இருந்தால், "இது இவர்களுக்குத் தெரியாத வேலை, தொண்டு நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். தொண்டு நிறுவனம் நடத்தும் காப்பகமாக இருந்தால், "வெளியாளை நம்பியதால் வந்த வினை, நகராட்சியே எடுத்துக்கொள்ளட்டும்" என்பார்கள். எனக்கு வரும் கடிதங்களும் இந்த இரண்டு வகைதான். இரண்டு தரப்பும் கடைசியில் கேட்பது ஒரே கேள்வி: எது நல்லது?

நான் சில ஆண்டுகள் ஒரு நகராட்சிக் காப்பகத்தின் மேற்பார்வைக் குழுவில் இருந்தவன். முதல் ஆண்டில் ஒருநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் மூன்று பேர் போனோம். பதிவேட்டின்படி உள்ளே 143 விலங்குகள். வாசலில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் 131. கூண்டு கூண்டாகப் போய் நாங்கள் எண்ணியபோது 118. பதிவேட்டுக்கும் கூண்டுக்கும் நடுவே 25 உயிர்களைக் காணவில்லை. மூன்று வாரம் துருவினோம். ஒன்பது விலங்குகளின் தத்துப் படிவங்கள் மேசை இழுப்பறையில் கிடைத்தன. ஏழு, தன்னார்வலர்களின் வீடுகளில் தற்காலிகமாக வளர்ந்துகொண்டிருந்தன. ஐந்து இறந்துபோயிருந்தன, யாரும் எழுதவில்லை. மீதி நான்கு என்ன ஆயின என்பது இன்றுவரை தெரியாது. மேற்பார்வையாளர் கெட்ட மனிதர் அல்லர். "கழுவவே ஆள் இல்லை, எழுத யார் இருக்கிறார்கள்?" என்றார். அது உண்மை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். காப்பகத்தை யார் நடத்தினாலும், உள்ளே இருப்பதை வெளியாள் ஒருவர் எண்ணிச் சரிபார்க்க முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்பேன். கீழே உள்ள ஒப்பீட்டில் அந்தப் பிடிவாதம் தெரிந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும்.

எண்ணிக்கை. வந்தது, போனது, இறந்தது, காணாமல் போனது ஆகிய நான்கையும் கூட்டிக் கழித்தால் கூண்டில் இருப்பது வர வேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்க ஊர்க்காரருக்கு உரிமை இருக்கிறதா?

கதவு. அடிபட்ட நாய், கடித்த நாய், குட்டிகளோடு பெட்டியில் விடப்பட்ட பூனை என்று எது வந்தாலும் மறுக்காமல் வாங்கும் இடம் ஊருக்கு ஒன்றாவது வேண்டும். அந்தக் கடமை யார் தலையில் இருக்கிறது?

மருத்துவ முடிவு. சிகிச்சை தருவதா, கருணைக்கொலை செய்வதா என்பதைக் கால்நடை மருத்துவர் தீர்மானிக்கிறாரா, கூண்டு காலியாக வேண்டும் என்று தவிக்கும் மேலாளர் தீர்மானிக்கிறாரா?

பணம் எதற்கு. தலைக்கு இவ்வளவா, நாளுக்கு இவ்வளவா, ஆண்டுக்கு மொத்தமாகவா? பணம் எப்படி வருகிறதோ அப்படித்தான் பதிவேடும் வளரும்.

விலகும் வழி. ஏற்பாடு தோற்றால் மறுநாள் காலை அந்த நாய்களுக்கு யார் சோறு வைப்பார்கள்?

"நடத்துபவருக்கு விலங்குகள் மேல் அன்பு உண்டா" என்பதை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. இடமில்லாத இடத்தில் நூற்றுக்கணக்கில் அடைத்துவைத்து, நோயில் சாகவிட்டவர்கள் பலரும் அன்பின் பெயரால்தான் அதைச் செய்தார்கள்.

## வழி 1: நகராட்சியே நேரடியாக நடத்துவது

இதன் பெரிய பலம் கதவு. சட்டப்படி வாங்கியாக வேண்டும் என்பதால் வாங்குவார்கள். கடித்த நாயைக் கண்காணிப்பில் வைப்பது, உரிமையாளர் தேடி வரும்வரை குறிப்பிட்ட நாள் வைத்திருப்பது, வதை வழக்கில் பிடிபட்ட விலங்கைச் சாட்சியமாகக் காப்பது போன்ற வேலைகளுக்கு அரசு அதிகாரம் வேண்டும். பதிவேடுகள் பொது ஆவணங்கள். தணிக்கையாளர் வரலாம், மன்றத்தில் கேள்வி கேட்கலாம்.

பலவீனம், காப்பகம் எந்தத் துறையின் கீழ் இருக்கிறது என்பதில் தொடங்குகிறது. சுகாதாரமோ, துப்புரவோ, காவலோ, எதன் கீழ் வைத்தாலும் அந்தத் துறையின் வரவு செலவில் காப்பகம் கடைசி வரி. பணம் வெட்டும்போது அதுதான் முதல் வரி. மருத்துவர் பணியிடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். வேறு இடத்தில் வேண்டாதவர் என்று முத்திரை குத்தப்பட்டவரை இங்கே மாற்றிவிடுவார்கள்.

ஆள் பற்றாக்குறையை உணர்ச்சியால் பேச வேண்டியதில்லை, கணக்கே போதும். அமெரிக்கக் காப்பகங்களில் நெடுநாளாகப் புழங்கும் ஓர் அளவு உண்டு: கூண்டு சுத்தம் செய்ய 9 நிமிடம், உணவிட 6 நிமிடம், ஆக ஒரு விலங்குக்கு நாளொன்றுக்கு 15 நிமிடம். 120 விலங்குகள் என்றால் 1,800 நிமிடம், அதாவது 30 மணி நேரம். ஒருவர் ஒரு நாளில் உண்மையாக ஆறு மணி நேரம் இந்த வேலை செய்வார் என்று வைத்தாலும் ஐந்து பேர் வேண்டும். மருந்து கொடுப்பது, நடைக்கு அழைத்துப்போவது, வருபவர்களுக்குப் பதில் சொல்வது எதுவும் இதில் இல்லை. அந்த ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் இருந்தால் என்ன நடக்கும்? நாயை வெளியே எடுக்காமல் உள்ளே வைத்தபடியே குழாயைத் திருப்புவார்கள். நான் பார்த்திருக்கிறேன். ஈரத் தரையில் மூலையோடு ஒட்டி நின்ற ஒரு கிழ நாய், தண்ணீர் நின்ற பிறகும் நெடுநேரம் கண்ணை மூடியபடியே நின்றது. அமெரிக்கக் காப்பக மருத்துவர்கள் சங்கம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படிச் செய்வதை ஏற்கவே முடியாத நடைமுறை என்று சொல்கிறது. அதைச் செய்த ஊழியரைக் கண்டித்து ஓலை அனுப்புவது எளிது. காலியிடத்தை நிரப்பச் சொல்லிக் கோப்பை நகர்த்துவதுதான் கடினம்.

ஒளிந்திருக்கும் செலவு இன்னொன்று: வாய்ப்பூட்டு. படம் எடுத்து வெளியே காட்டிய தன்னார்வலரை மறுநாளே வராதே என்று சொல்லிவிடுவார்கள். இலவசமாக வேலை செய்யும் கைகள் மட்டுமா போகின்றன? வாரம் ஐந்து நாள் உள்ளே வந்து பார்த்துக்கொண்டிருந்த கண்களும் போய்விடுகின்றன.

எப்போது இது நல்லது: கடி வழக்குகளும் வதை வழக்குகளும் அதிகமான ஊரில், கேள்வி கேட்கும் மன்றமும் சுதந்திரமான தணிக்கைப் பிரிவும் ஏற்கெனவே இருக்கும் ஊரில். இவை இல்லாமல் நேரடி நிர்வாகம் என்றால், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஓர் அரசுத் துறை, அவ்வளவுதான்.

## வழி 2: தொண்டு நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் விடுவது

பலரும் நம்பிக்கையோடு பார்க்கும் வழி இது. நன்கொடை வரும், தன்னார்வலர் வருவர், தத்து எடுக்க வருபவரும் அரசு அலுவலகத்துக்குள் நுழைவது போலத் தயங்க மாட்டார்கள். ஆள் எடுப்பதும் மருந்து வாங்குவதும் விரைவாக நடக்கும். இவை வெறும் பேச்சு அல்ல, நல்ல நிறுவனம் கிடைத்தால் ஆறே மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

ஆனால் நியூயார்க்கின் கதையைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது. 1866-ல் அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கிய ஹென்றி பெர்க், நகரத்தின் நாய்ப்பட்டியை நடத்தித் தரும்படி கேட்டபோது மறுத்துவிட்டார். அவர் 1888-ல் இறந்தார். 1894-ல் சங்கம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. வதையைத் தடுக்கப் பிறந்த அமைப்பு, நகரத்துக்காக ஆண்டுதோறும் பல்லாயிரம் விலங்குகளைக் கொல்லும் அமைப்பாகவும் ஆனது. நூறு ஆண்டுகள் கழித்து, 1994 முடிவில், சங்கம் விலகிக்கொண்டது. 1995 முதல் அந்த வேலையை நகரமே உருவாக்கிய ஒரு லாபநோக்கற்ற நிறுவனம் செய்தது. அதன் இயக்குநர் வாரியத்தில் நகரத் துறைத் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெயருக்குத் தனி நிறுவனம். பணம் தருபவரும் கணக்குக் கேட்க வேண்டியவரும் ஒரே நாற்காலியில். வேலிக்கு ஓணான் சாட்சி.

இனிப் பணம். ஒப்பந்தத்தில் ஊர்க்காரர்கள் படிக்காமல் விடும் பக்கம் அதுதான், காப்பகத்தின் குணத்தை எழுதுவதும் அதுதான்.

வரும் விலங்கின் தலைக்கு இவ்வளவு என்றால் வரவு பெருகும். சந்தில் ஆரோக்கியமாகத் திரிந்த பூனையும் "மீட்கப்படும்". தங்கும் நாளுக்கு இவ்வளவு என்றால் தங்கும் நாள் நீளும். இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு: ஒரு நாளைக்கு வருபவை 10, சராசரியாகத் தங்குவது 12 நாள் என்றால் உள்ளே எப்போதும் 120 இருக்கும். தங்கும் நாள் 15 ஆனால் 150. மூன்றே நாள் இழுத்தால் முப்பது கூண்டு கூடுதல். நெரிசல், நோய், குரைப்பு எல்லாம் அதன் பின்னாலேயே வரும். ஆண்டுக்கு மொத்தத் தொகை என்றால் கதவு குறுகும். "முன்பதிவு செய்துவிட்டு வாருங்கள்", "இந்த வாரம் இடமில்லை", "வயதான நாய் எடுப்பதில்லை." வருபவை குறைந்ததாக ஆண்டறிக்கை மகிழ்ச்சியோடு சொல்லும். தெருவில் கட்டிவிட்டுப் போனவற்றை அறிக்கை சொல்லாது.

இந்த மூன்றில் எது மேல் என்று கேட்டால், என் சார்பு மொத்தத் தொகைக்கு. ஆனால் மறுத்து அனுப்பிய ஒவ்வொரு விலங்கையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. எழுதாவிட்டால் தவணைப் பணம் நிற்கும் என்றும் சேர்த்துவிட வேண்டும்.

ஒளிந்திருக்கும் செலவுகள் இன்னும் இரண்டு. முதலாவது, பதிவேடு தனியார் சொத்தாகிவிடுவது. ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதாவிட்டால், ஊர்ப் பணத்தில் நடக்கும் வேலையின் கணக்கை ஊரே கேட்க முடியாமல் போகலாம். இரண்டாவது, மறுடெண்டர். விலங்குகளோடும் பயிற்சி பெற்ற ஆட்களோடும் தயாராக இருக்கும் இரண்டாவது நிறுவனம் பெரும்பாலான ஊர்களில் கிடையாது. ஐந்தாம் ஆண்டு டெண்டர் போட்டால் ஒருவர்தான் வருவார். "எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, அடுத்த மாதம் சாவியைத் தந்துவிடுகிறோம்" என்று அவர் சொன்னால் நகராட்சியின் கையில் என்ன இருக்கும்? கட்டடம் யாருடையது, கூண்டுகள் யாருடையவை, மென்பொருளில் இருக்கும் மருத்துவப் பதிவுகள் யாருடையவை என்பது அன்றைக்குத்தான் பேசப்படும்.

எப்போது இது நல்லது: பல ஆண்டு அனுபவமும் தனி வருமானமும் உள்ள நிறுவனம் ஊரில் இருக்கும்போது, ஒப்பந்தத்தை ஒவ்வொரு மாதமும் படித்துச் சரிபார்க்க நகராட்சியில் ஒருவராவது முழுநேரமாக இருக்கும்போது. அந்த ஒருவரின் சம்பளத்தையும் சேர்த்துத்தான் "மிச்சம்" எவ்வளவு என்று கணக்கிட வேண்டும்.

## வழி 3: வேலையைப் பிரித்துக்கொள்வது

வாங்குவது, வைத்திருப்பது, கடித்தவற்றைக் கண்காணிப்பது நகராட்சியின் வேலை. சிகிச்சை, தத்து, தற்காலிக வளர்ப்பு வீடுகள் தொண்டு நிறுவனத்தின் வேலை.

சான் பிரான்சிஸ்கோ இந்த வழிக்குச் சுற்றி வந்து சேர்ந்தது. அங்குள்ள வதைத் தடுப்புச் சங்கம் 1989-ல் நகர ஒப்பந்தத்தை விட்டது. நகரம் தனித் துறை தொடங்கியது. 1994-ல் இரண்டுக்கும் ஓர் உடன்படிக்கை: தத்துக் கொடுக்கத் தகுதியுள்ள எந்த நாயையும் பூனையையும், நகரக் காப்பகத்தால் வீடு தேடித் தர முடியாவிட்டால், சங்கம் ஏற்றுக்கொள்ளும். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் நகர மன்றம் 2010-ல், வருபவற்றில் 90 சதவீதம் உயிரோடு வெளியேற வேண்டும் என்ற இலக்கோடு திட்டம் நிறைவேற்றி அடுத்த ஆண்டே அதை எட்டியது. கொல்லப்படவிருந்தவற்றை ஒரு தொண்டு அமைப்பு தொடர்ந்து எடுத்துப்போனதுதான் அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. பின்னாளில் அதே நகரக் காப்பகம் இடமில்லாமல் வரவையே நிறுத்திவைக்க வேண்டிய நிலையும் வந்தது.

இங்கே ஒளிந்திருப்பது பொறுக்கி எடுத்தல். குட்டிகளும் சிறிய நாய்களும் முதல் வாரமே போய்விடும். பெரிய நாய், கிழ நாய், கடித்த பதிவுள்ள நாய் ஆகியவை நகராட்சியின் பக்கம் தேங்கும். பிறகு இரண்டு பக்கத்துச் சாவு விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாருங்கள் வித்தியாசத்தை" என்பார்கள். நல்ல மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் பள்ளியின் வித்தை இது.

விகிதங்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2004-ல் அமெரிக்கக் காப்பகங்களின் தலைவர்கள் கூடி உருவாக்கிய அசிலோமார் உடன்படிக்கையிலிருந்துதான் "உயிருடன் வெளியேறும் விகிதம்" என்ற கணக்கு பரவியது. தத்து, இடமாற்றம், உரிமையாளரிடம் திரும்பியது ஆகியவற்றை மொத்த வெளியேற்றத்தால் வகுப்பார்கள். அந்தக் கணக்கில், காப்பகத்திலேயே இறந்தவையும் காணாமல் போனவையும் வகுக்கும் எண்ணில் சேரவில்லை. என் காப்பகத்தில் எழுதாமல் இறந்த ஐந்தும், தெரியாமல் போன நான்கும் அந்த விகிதத்தை ஒரு புள்ளி கூடக் குறைத்திருக்காது. ஆகவே யாராவது 90 சதவீதம், 95 சதவீதம் என்று சொன்னால், "எதை எதால் வகுத்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால் அதுவே ஒரு பதில்.

கைமாறும் இடத்தில் நோயும் கைமாறும். நாய்களுக்கு வரும் பார்வோ என்ற வைரஸ் நோய், தொற்றிய பிறகு வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள் வரை, சில நேரம் இரண்டு வாரம் வரை ஆகலாம். கிருமி இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பல சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அசையாது. உள்ளே வந்த அன்றே தடுப்பூசி போடாத காப்பகத்திலிருந்து குட்டிகளை வாங்கிய நிறுவனம், அடுத்த வாரம் தன் கூண்டுகளையும் இழக்கும். வழக்கமாக அதற்கடுத்த வாரம் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். வந்த நாளில் தடுப்பூசி போடுவது யார் செலவு என்பது உடன்படிக்கையில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

எப்போது இது நல்லது: இரண்டு தரப்பும் ஓரளவு திறமையானவை, ஒன்றை ஒன்று முழுக்க நம்பாதவை என்றால். அந்த அவநம்பிக்கை இங்கே பயன்படும். கைமாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் எண்ணுவார்கள்.

## வழி 4: அக்கம்பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒரே காப்பகம்

சின்ன ஊர்களுக்கு இது தோன்றும், தவறில்லை. தனியாக ஒரு மருத்துவரை வைத்துக்கொள்ள முடியாத நான்கு ஊர்கள் சேர்ந்தால் இரண்டு பேரை வைக்கலாம். இழப்பு, தூரம். காணாமல் போன நாயைத் தேடி அடுத்த தெருவுக்குப் போகிறவர், மூன்று ஊர் தள்ளிப் போகமாட்டார். உரிமையாளரிடம் திரும்பும் எண்ணிக்கை குறையும். பொறுப்பும் பொதுவானதாகிவிடும், அதாவது யாருடையதும் ஆகாது. ஒவ்வொரு ஊரிலும் ஓரிரு நாள் வைத்திருக்கும் சிறிய இடமும், மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பார்க்கும் கருவியும் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நகராட்சி நேரடி | ஒப்பந்தம் | பிரித்துக்கொள்வது | கூட்டுக் காப்பகம் |
|---|---|---|---|---|
| எண்ணிக்கையைச் சரிபார்ப்பது | சட்டப்படி எளிது, ஆள் இல்லாமல் தடைபடும் | ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் | இரண்டு பதிவேடுகள், ஒப்பிடலாம் | சிதறும் |
| கதவு | திறந்தது | பணம் தரும் முறையைப் பொறுத்தது | நகராட்சிப் பக்கம் திறந்தது | திறந்தது, ஆனால் தொலைவில் |
| மருத்துவ முடிவு | பணியிடம் காலியானால் மேலாளர் கையில் | நிறுவனத்தின் தரத்தைப் பொறுத்தது | கைமாறும்போது தகராறு | மருத்துவர் கிடைப்பார் |
| ஒளிந்திருக்கும் செலவு | காலியிடம், வாய்ப்பூட்டு | கண்காணிக்கும் ஆள், ஒரே டெண்டர் | பொறுக்கி எடுத்தல், நோய் | உரிமையாளர் வராமை |
| விலகும் வழி | விலக இடமில்லை, சீர்திருத்தம்தான் | மிகக் கடினம் | பாதியாவது கையில் இருக்கும் | பங்காளிச் சண்டை |

அட்டவணையைப் பார்த்தால் மூன்றாவது வழிதான் வென்றது போலத் தோன்றும். எனக்கும் அதன் பக்கம் சாய்வு உண்டு. ஆனால் இரண்டு தரப்பில் ஒன்று கையாலாகாதது என்றால் அந்தப் பத்தி முழுவதும் பொய்யாகிவிடும்.

## மேற்பார்வைக் குழு: போட்டால் பல்லோடு போடுங்கள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் "மேற்பார்வைக் குழு அமைக்கப்படும்" என்ற வரி தீர்மானத்தில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, தேநீர் குடித்து, மேலாளர் காட்டும் படங்களைப் பார்த்துக் கைதட்டும் குழுவாக இருந்தால் அதனால் கேடுதான்; "குழு பார்த்துக்கொள்கிறது" என்று ஊர் நிம்மதியாகத் தூங்கிவிடும்.

குழுவுக்கு மூன்று அதிகாரம் வேண்டும். சொல்லாமல் உள்ளே நுழையும் அதிகாரம். ஊழியர்களிடமும் தன்னார்வலர்களிடமும் மேலாளர் இல்லாமல் தனியாகப் பேசும் அதிகாரம். மூன்றாவதாக, மருந்துப் பதிவேட்டைத் திறக்கும் அதிகாரம். கருணைக்கொலைக்குப் பயன்படும் பென்டோபார்பிட்டல் எடையைப் பொறுத்து அளந்து கொடுக்கும் மருந்து. பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தும்கூட. புட்டியில் குறைந்த அளவும், அன்று கொல்லப்பட்டதாக எழுதிய விலங்குகளின் எடையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், ஒன்று மருந்து வெளியே போகிறது, அல்லது எழுதாத சாவுகள் நடக்கின்றன, அல்லது போதிய மருந்து செலுத்தப்படவில்லை. மூன்றுமே உடனே விசாரிக்க வேண்டியவை. வேறு எந்தப் பதிவேட்டிலும் எளிதாகப் பொய் சொல்ல முடியும், இதில் கொஞ்சம் கடினம்.

அடுத்த மாதம் கூட்டம் இருக்கிறது, எந்தப் பக்கம் கை தூக்குவது என்று கேட்டு எழுதியவர்களுக்கு: தீர்மானத்துக்கு முந்தைய வாரம், காலையில் முதல் சுத்தம் தொடங்குமுன், இரண்டு பேராகக் காப்பகத்துக்குப் போங்கள். ஒருவர் ஒரு முனையிலிருந்தும் மற்றவர் மறுமுனையிலிருந்தும் எண்ணட்டும்; தனிமைப்படுத்தும் அறையையும் பின்பக்கக் கொட்டகையையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு எண்களும் ஒத்துவந்த பிறகு பதிவேட்டைக் கேளுங்கள். வித்தியாசம் இரண்டோ மூன்றோ என்றால், காரணமும் அப்போதே சொல்லப்பட்டால், இப்போது நடத்துபவரை மாற்ற அவசரப்பட வேண்டாம். ஆளும் பணமும் கொடுத்துப் பாருங்கள். பத்துக்கு மேல் போனால், எந்த வழிக்கு மாறினாலும் அந்தப் பழைய பதிவேட்டை அப்படியே கைமாற்றாதீர்கள். ஒரு நாள் காப்பகத்தை மூடி, ஒவ்வொரு விலங்குக்கும் புதிய எண் கொடுத்து, புகைப்படம் எடுத்து, மைக்ரோசிப் பார்த்து, முதல் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள். விடுபட்டவற்றுக்கும் பெயர் தெரிந்தவரை தனிப் பட்டியல் ஒன்று போட்டு, அதை மன்றத்தின் முன் வையுங்கள்.